பேசுவதற்கு நான் இருக்கிறேன்

ஜனவரி 20, செவ்வாய்

டயர்க்கடை அண்ணாச்சி புது வருஷத்துக்கு இந்த டைரியைக் கொடுத்தார். வத்தலக்குண்டில் பொறுக்கியெடுத்த சில பேருக்குத்தான் கொடுத்தாராம். முதல் ஆள் நான். பெரிய மனிதர்கள் எல்லாரும் டைரி எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் நிறுத்தியது நான், பள்ளிக்கூடம் இல்லை. கணக்கு வாத்தியாருக்கு என்மேல் பொறாமை. இவனை வளரவிட்டால் தன் நாற்காலிக்கு ஆபத்து என்று பயந்தார். படித்திருந்தால் இன்றைக்குக் கலெக்டர். இப்போது பழைய பைக் வாங்கி விற்கிறேன். கலெக்டருக்கே பழைய பைக் வேண்டுமென்றால் தங்கமாயன் ஷெட்டுக்குத்தான் வரவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை கௌசிகாவின் பள்ளிக்கூடத்தில் பேரண்ட்ஸ் மீட்டிங். கௌசிகா என் அக்கா பஞ்சவர்ணத்தின் ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. பேரண்ட்ஸ் என்றால் பெற்றவர்கள் மட்டும்தான் என்று அந்தப் பள்ளிக்கூடத்தார் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டது யார்? தாய்மாமன். சடங்குக்குச் சீர் கொண்டுபோனது யார்? தாய்மாமன். நாளைக்குக் கல்யாணத்தில் முதல் மாலை யாருடையது? பிறகு பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா மீட்டிங்குக்கும் நான்தான் போகிறேன். இது என் முறை.

அக்கா ஒவ்வொரு தடவையும் மில்லில் லீவு சொல்லுவாள். மயில்கழுத்து நிறப் புடவையை எடுத்து இஸ்திரி போடுவாள். காலையில் கட்டியும் விடுவாள். வாசல்வரை வந்ததும், "தங்கம், நீயே போய்ட்டு வந்துர்றா. அவுக இங்கிலீசுல என்னமாச்சும் கேட்டுப்புட்டா பிள்ளைக்குத்தான் அசிங்கம்" என்பாள். அப்புறம் அதே புடவையோடு உட்கார்ந்து பாத்திரம் விளக்குவாள். நான் திரும்பி வரும்வரை அவிழ்க்க மாட்டாள்.

மச்சான் மொக்கராசு பரோட்டா மாஸ்டர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை. பிள்ளை சின்ன வகுப்பில் இருந்தபோது ஒரே ஒரு தடவை போனார். பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார வைத்து, "வீட்டுல பிள்ளைய என்னதான் செய்றீங்க?" என்று டீச்சர் கேட்டார்களாம். இவருக்குப் பதில் வரவில்லை. வந்து சொன்னார்: "வாத்தியார் முன்னால நிக்கக் கூடாதுன்னுதானே நான் பள்ளிக்கூடத்தையே விட்டேன்." அவர் சொன்னது பாதி, முடித்து வைத்தது நான். மச்சான் பேச்சு எப்போதும் அப்படித்தான். மாவு உருண்டை மாதிரி வாய்க்குள்ளேயே உருளும். பக்கத்தில் இருக்கிறவன்தான் வெளியே தள்ளிவிட வேண்டும்.

கௌசிகாவும் அப்பனைக் கொண்டு பிறந்துவிட்டாள். வார்த்தை உதடுவரை வந்து நின்றுகொள்ளும். அதனாலென்ன? பேசுவதற்கு நான் இருக்கிறேன்.

ஜனவரி 24, சனி

சந்தனக் கலர் சில்க் சட்டை, ஜரிகை வேட்டி. பித்தளைத் தாம்பாளத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, அரைக்கிலோ மைசூர்பாகு. வெறுங்கையோடு போவதற்கு நானென்ன மீட்டர் ரீடிங் எடுக்கிறவனா? என்னைப் பார்த்ததும் பள்ளிக்கூடமே எழுந்து நின்றுவிட்டது. (பிரேயர் முடிந்து கலைந்த நேரம் அது என்று கௌசிகா தோழி ஒருத்தி சொன்னாள். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

வந்திருந்த கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! வீதியில் புலியாகத் திரிகிறவர்கள் எல்லாரும் அங்கே பூனை. கறிக்கடை வீரணன் கிடாயை ஒரே வெட்டில் சாய்க்கிறவர். டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளங்கை வேர்வையை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பேங்கில் வேலை பார்க்கிற ஒருவர் மகளின் மார்க்கைச் செல்போனில் படம் பிடித்து அங்கேயே யாருக்கோ அனுப்புகிறார், விபத்துக்குள்ளான வண்டியைப் படம் பிடிக்கிற மாதிரி. ஒரு அம்மா டீச்சரிடம் மகளைப் பற்றி அவள் எதிரிலேயே கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சொல்றதயே கேக்க மாட்டேங்குறா மிஸ், நீங்களே நாலு போடுங்க." வீட்டில் அடிக்க வக்கில்லாமல் ஆள் வைத்து அடிக்க வந்திருக்கிறார்கள். டீச்சர்களோ மேஜைக்குப் பின்னால் ரேஷன் கடைபோல உட்கார்ந்து, யாருக்கு எத்தனை திட்டு என்று அளந்து போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் உள்ளங்கையும் ஈரமாக இருந்தது. ஆப்பிளைக் கழுவிய ஈரம்.

கௌசிகாவின் வகுப்பு டீச்சர் ஜெபராணி. போன வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். ஒல்லியாக, ஊதினால் பறக்கிற மாதிரி இருப்பார். தாம்பாளத்தைப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார்.

"சீர்" என்றேன்.

"இதெல்லாம் வாங்கக் கூடாது சார். கீழ வைங்க. கௌசிகா, இவங்க யாரு?"

"தாய்மாமன்" என்றேன்.

"அவளக் கேட்டேன்."

கௌசிகா வாயைத் திறந்தாள். "மா..." என்று நின்றது. "மாமாங்கிறா" என்றேன்.

"நீங்க கொஞ்சம் பொறுத்திருந்தா எனக்கே கேட்டிருக்கும் சார்."

படித்த திமிர். சரி, பெண்பிள்ளை என்று விட்டுவிட்டேன். அடுத்து, உனக்குப் பிடிச்ச பாடம் எது என்று கேட்டார். பிள்ளை மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஊரே பார்க்கிறது, என் மருமகள் அப்படி நிற்க நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? "சயின்ஸ்" என்றேன். கௌசிகா இல்லை என்று தலையை ஆட்டினாள். அடக்கமான பிள்ளை.

டீச்சர் அவளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "சார், அவளுக்குத் திக்குது. அது குத்தம் இல்ல. ஆனா வகுப்புல வாயே திறக்கிறதில்ல. எழுதச் சொன்னா எல்லாத்தையும் எழுதுறா. எச்.எம். அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நினைக்கிறாங்க. பத்தாவதுக்கு ஈ பிரிவுக்கு மாத்திடலாம்னு சொல்றாங்க."

ஈ பிரிவு எது என்று எனக்குத் தெரியும். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கட்டடம். தேறாது என்று ஒதுக்கின பிள்ளைகளை அங்கே போட்டு, வாத்தியார் வந்தால் வருவார் வராவிட்டால் இல்லை என்று விட்டுவிடுவார்கள். எங்கள் காலத்திலும் அப்படி ஒன்று இருந்தது. அங்கே எத்தனையோ அறிவாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பிப்ரவரி கடைசி மீட்டிங்குல எச்.எம்.மே உக்காருவாங்க" என்றார் டீச்சர். "அன்னைக்கு ஒவ்வொரு பிள்ளையும் அம்மா அப்பாவ அறிமுகப்படுத்திட்டு, இந்த வருஷம் என்ன படிச்சேன்னு தானே சொல்லணும். கௌசிகா எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி, அவளா சொல்லிட்டா நான் அவளுக்காக எச்.எம்.கிட்ட வாதாடுவேன். அவ அம்மாவோ அப்பாவோ வரணும். வந்து சும்மா உக்காந்து கேட்டாப் போதும்."

"பேசுறதுக்கு நான் வர்றேன் டீச்சர்."

"அதுதான் சார் வேண்டாம்."

தாம்பாளத்தைக் கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் கொடுத்தேன். மைசூர்பாகை அங்கேயே பிரித்துத் தின்றார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மரியாதை தெரிந்த ஒரே ஆள்.

வீட்டில் அக்கா ஓடி வந்தாள். "என்னடா சொன்னாக? எம் பிள்ளையப் பத்தி என்ன சொன்னாக?"

"டீச்சர் சேரைவிட்டு எந்திரிச்சிட்டாங்கக்கா. 'இந்த மாதிரி ஒரு பிள்ளைய இந்தப் பள்ளிக்கூடம் பாத்ததே இல்ல'ன்னாங்க. எச்.எம். வந்து எங்கிட்ட, 'சார், ஆண்டு விழாவுல நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்'னாங்க. பாப்போம், தேதி தோதுப்பட்டா வர்றேன்னேன்."

"நெசமாவாடா? கௌசிகான்னு பேரச் சொல்லியா சொன்னாக?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சான் சிரித்தார். அப்போதுதான் புடவையை மாற்ற அக்கா உள்ளே போனாள். கௌசிகா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றியை வாயால் சொல்லத் தெரியாத பிள்ளை, பார்வையால் சொல்கிறாள்.

ஈ பிரிவுச் சமாச்சாரத்தை நான் சொல்லவில்லை. நல்ல சேதிக்கு நடுவில் அதை எதற்குப் போட வேண்டும்? எச்.எம்.மை நானே பார்த்துச் சரி செய்துவிடுவேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பழனிக்கு நடந்துபோகிற கூட்டம். வியாபாரம் இல்லை. நடக்கிறவனிடம் பைக்கை எப்படி விற்பது?

பிப்ரவரி 6, வெள்ளி

கௌசிகா பள்ளிக்கூடம் விட்டு நேரே ஷெட்டுக்கு வந்தாள். அதிசயம். வீட்டுக்குப் போகிற வழி இது இல்லை. பையைக்கூட இறக்காமல் என் முன்னால் வந்து நின்றாள். "மா... மாமா, அ... அம்..."

"அம்மா அடிச்சாளா?"

இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி, "அம்... அம்மாகிட்ட நீ... நீங்க..."

"அம்மாகிட்ட சொல்லிக் காசு வாங்கித் தரணுமா? டூரா?" இல்லை. "பாவாடையா?" இல்லை. "செருப்பா?" என்று கேட்டு அவள் காலைப் பார்த்தேன். வார் தேய்ந்திருந்தது. "அட, இதச் சொல்றதுக்கா இம்புட்டுத் தயக்கம்?" என்று பக்கத்துக் கடைக்கு இழுத்துப் போய், பூப்போட்ட செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரரிடம், "எம் மருமக பள்ளிக்கூடத்துலயே முதல்" என்றேன். அவருக்கும் சந்தோஷம்.

அவள் அழுதுகொண்டே போனாள். பாசம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அந்தச் செருப்பு என் ஷெட் வாசலில், பெட்டியோடு. சைஸ் சேரவில்லை போலிருக்கிறது. சேரவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே.

பிப்ரவரி 13, வெள்ளி

எச்.எம்.மைப் பார்க்கப் போனேன். அவரிடம் நேரடியாக ஒரு வார்த்தை சொன்னால் ஈ பிரிவு என்ற பேச்சே இருக்காது. எத்தனை ஆர்.டி.ஓ.க்களைப் பார்த்தவன் நான்.

ரூமுக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். பக்கத்தில் லேட்டாக வந்த பிள்ளைகள் இரண்டு பேர் முட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய மனிதர்களை உட்கார வைக்கிற இடமா அது? கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரையோ எச்.எம். வாங்கு வாங்கு என்று வாங்கினார். வெளியே வந்தவர் ஒரு வாத்தியார். திடீரென்று பெல் அடித்தது. பார்த்தால் நான் எழுந்து நின்று கை கட்டிக்கொண்டிருக்கிறேன். பெஞ்சு சூடு, வேறொன்றுமில்லை.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பிவிட்டேன். நான் வந்திருப்பது தெரிந்து எச்.எம். பயந்துபோய் ரவுண்ட்ஸ் போய்விட்டார். கேட்டில் வாட்ச்மேன், "என்னண்ணே, பாத்தாச்சா? உள்ளதானே இருக்காக" என்றார். மைசூர்பாகு தின்ற வாய், வேறு என்ன சொல்லும்?

பிப்ரவரி 19, வியாழன்

இன்றைக்கு நடந்தது அநியாயம்.

சாயங்காலம் மச்சான் கடையில் உட்கார்ந்து, சால்னா எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபராணி டீச்சர் வந்து நிற்கிறார். பை, குடை, நெற்றி வேர்வை. "நாலு பரோட்டா பார்சல்" என்றார். மச்சான் வீசிக்கொண்டிருந்த மாவு கல்லில் கோணலாக விழுந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடும்போது டீச்சரைத் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறார் போல. அடையாளம் தெரிந்துவிட்டது.

"வாங்க டீச்சர்! மச்சானுக்கு ரொம்பச் சந்தோசம்ங்கிறாரு" என்றேன்.

"அவரு இன்னும் ஒண்ணும் சொல்லலையே சார்."

மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பயல்கள் சிரித்தார்கள். டீச்சர் மச்சானிடம் திரும்பி, "அண்ணே, கௌசிகா மாமா சொல்லியிருப்பாரு. இருபத்தெட்டாந் தேதி நீங்களோ அவ அம்மாவோ கட்டாயம் வரணும். ஈ பிரிவுக்குப் போகாம இருக்கணும்னா அன்னைக்கு அவ பேசணும்" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். "எ... எ... என்ன..."

"என்ன சாப்பிடுறீகன்னு கேக்குறாரு" என்றேன்.

"இல்ல சார், என்ன விஷயம்னு கேக்குறாரு." முழுக் கதையையும் சொல்லிவிட்டார். எச்.எம்., ஈ பிரிவு, நான் ஜனவரியிலேயே கேட்டுக்கொண்டு வந்தது, எல்லாம். கொஞ்சமாவது இங்கிதம் வேண்டாமா? கடையில் நாலு பேர் இருக்கும்போது?

மச்சான் கரண்டியைக் கீழே வைத்தார். "எ... எனக்கும்..." என்று ஆரம்பித்தார். நான் வாயெடுத்தேன். டீச்சர் என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டித் தடுத்தார், டிராபிக் போலீஸ் மாதிரி. "எனக்கு அவசரம் இல்லண்ணே. சொல்லுங்க."

கல்லில் பரோட்டா புகைந்தது. "மாஸ்டர், கருகுது!" என்று ஒருத்தன் கத்தினான். "கருகட்டும், காசு நான் தர்றேன்" என்றார் டீச்சர்.

"எ... எனக்கும் இ... இதே மாதிரிதான் டீச்சர். நா... நான் வந்து நின்னா, இ... இங்கருந்துதான் வ... வந்திருக்குன்னு, எ... எல்லாரும் பிள்ளையப் பாப்பாக."

இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. நேரம் கொடுத்தால் யார்தான் பேச மாட்டார்கள்?

"பாக்கட்டும்ணே" என்றார் டீச்சர். "அவ தனியா நிக்கிறதுக்கு, அவள மாதிரியே ஒருத்தர் பக்கத்துல நிக்கலாம்ல."

மச்சான் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். "வ... வ..." கண்ணை மூடிக்கொண்டார். "வர்றேன்."

இந்த ஒரு வார்த்தைக்குக் கல்லில் இருந்தது அத்தனையும் கரி. வியாபாரம் பண்ணுகிற லட்சணமா இது? டீச்சர் கருகினதற்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டுப் போனார். படித்தவர்களின் பகட்டு.

பிப்ரவரி 20, வெள்ளி

மில் விட்டதும் அக்கா நேரே ஷெட்டுக்கு வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. பின்னாலேயே மச்சான்.

"தங்கம், நீ வந்து என்ன சொன்ன எங்கிட்ட? டீச்சர் எந்திரிச்சு நின்னாகன்னு சொன்னியா இல்லையா?"

"எந்திரிச்சாங்கக்கா. தண்ணி குடிக்க."

"ஆண்டு விழாவுல ஒன்னையப் பேசக் கூப்பிட்டாகன்னு சொன்ன. மில்லுல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லியிருக்கேன்டா, எம் பிள்ளைய டீச்சர் பாராட்டுனாகன்னு. மிட்டாய் வாங்கிக் குடுத்திருக்கேன். அங்க எம் பிள்ளைய ஒதுக்கி ஓட்டுக் கொட்டாய்ல போடப் பாக்குறாக. ஒனக்கு அது பெருசாத் தெரியல?"

"நீ கஷ்டப்படுவியேன்னுதான்..."

"நான் கஷ்டப்பட்டா ஒனக்கென்ன? எம் மக, நான் கஷ்டப்படுறேன்! ஒவ்வொரு தடவையும் வாசப்படி வரைக்கும் வர்றேன்ல. 'வாக்கா, நானும் கூட வர்றேன்'னு ஒரு தடவ கையப் பிடிச்சு இழுத்திருந்தா வந்திருப்பேன்டா. 'நீ இரு, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, நான் பாத்துக்கிறேன்'னு வண்டிய எடுத்துட்டுப் போயிருவ. ஒனக்கு அங்க போய் சில்க் சட்ட போட்டுக்கிட்டு உக்காரணும்!"

என்ன பேச்சு பாருங்கள். யாருக்காகப் போனேன்? ஏதாவது திருப்பிச் சொல்லலாம் என்று பார்த்தால், மச்சான் முன்னால் வந்தார். நான் வாயெடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள. பொ... பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, ஒங்கப்பா எ... எம் பேரக் கேட்டாக. நா... நான் சொல்ல வாயத் தெறந்தேன். நீ... நீ சொல்லிட்ட."

"நல்லதுக்குத்தானே மச்சான் சொன்னேன்? நீங்க முழிச்சுக்கிட்டு நின்னீக."

"ஆமா, நல்லதுக்குத்தான்" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

எப்போதோ பெண் பார்க்க வந்ததை இத்தனை வருஷமாகவா ஒரு மனுஷன் மனசில் வைத்திருப்பான்? எதற்கும் உதவாத ஞாபகசக்தி.

பிப்ரவரி 22, ஞாயிறு

அக்கா வீட்டிலிருந்து வழக்கமாக வருகிற சாப்பாடு வரவில்லை. ஓட்டலில் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அக்கா சமையலை விட. பாதி வைத்துவிட்டேன், பசி இல்லை.

பிப்ரவரி 25, புதன்

கடைப் பக்கமாகப் போனேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம், கூட்டம் இல்லை. மச்சான் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கௌசிகா யூனிபார்மோடு மைதா மூட்டைமேல் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எ... எம் பேரு கௌ... கௌ... கௌ..." மச்சான் நிமிரவில்லை. மாவைத் திருப்பிப் போட்டார், குத்தினார், எண்ணெய் விட்டார். அவள் பெயர் வந்து சேருவதற்குள் ஒரு ஆள் சாப்பிட்டுக் கை கழுவிவிடலாம். அப்பன்காரன் அவசரமே படவில்லை. இரண்டு பேரும் அப்படியே வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள் போல.

எனக்கு நாக்கு அரித்தது. வெற்றிலை போட்டதில் சுண்ணாம்பு கூடிவிட்டது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 28, சனி

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு வண்டி பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் போனேன்.

அக்கா மயில்கழுத்துப் புடவையில் வந்தாள். மச்சான் சட்டையில் கை மடிப்பு அவிழ்த்து மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருந்தார். எண்ணெய் தெறித்த தழும்பு தெரியாமல் இருப்பதற்கு. நடுவில் கௌசிகா. கேட்டில் அக்கா நின்றாள். போச்சு, திரும்பப் போகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பினால் நானே உள்ளே போய்விடலாம் என்று வண்டி ஸ்டாண்டைக்கூடப் போட்டுவிட்டேன். மச்சான் அவள் கையைப் பிடித்தார், நடு ரோட்டில், அத்தனை பேர் பார்க்க. உள்ளே போய்விட்டார்கள்.

"அம்மா அப்பா மட்டுந்தாண்ணே" என்று வாட்ச்மேன் எனக்கு மட்டும் கேட்டை அடைத்தார். காம்பவுண்டு சுவர் ஓரமாக நடந்தால் வகுப்பு ஜன்னல் தெரியும். வேப்பமரத்தடியில் யாரோ போட்ட சிமென்ட் குழாய் மேல் ஏறி நின்றேன். காற்றுக்கு.

பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. இந்த டைரியில் நான் கேட்காததை எழுதுகிறவன் இல்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

எச்.எம். கண்ணாடி போட்ட பருத்த அம்மா. மேஜைமேல் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்திருந்தார். பக்கத்தில் ஜெபராணி டீச்சர். கௌசிகா எழுந்து நின்றாள். வாய் திறந்தது, நின்றது. பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. பின் வரிசையில் பேங்க்காரர் செல்போனை எடுத்து அதைப் பார்க்க ஆரம்பித்தார். வேறு சிலர் ஜன்னல் பக்கம், விட்டத்தின் பக்கம் பார்த்தார்கள். பார்க்காமல் இருப்பது மரியாதை என்று நினைப்பு. எச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெபராணி டீச்சர் அவர் கைமேல் கை வைத்தார். மேலதிகாரி கையை! அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது?

அக்கா உதடும் கூடவே அசைந்தது. பிள்ளைக்கு முன்னால் சொல்லிவிடப் போகிறாள் என்று பார்த்தேன். முந்தானையை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டாள். மச்சான் மட்டும் மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லில் பரோட்டா வேகிறதைப் பார்க்கிற பார்வை. எடுக்கிற நேரம் அதற்கே தெரியும் என்கிற மாதிரி.

கௌசிகா அம்மாவைக் கை காட்டி ஏதோ சொன்னாள். அப்பாவைக் கை காட்டி ஏதோ சொன்னாள், நீளமாகவே. அதற்கு மச்சான் எழுந்து நின்றார். கும்பிட்டார். அவர் வாயும் திறந்தது, நின்றது, உதடு துடித்தது, கடைசியில் வந்துவிட்டது. பேங்க்காரர் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அப்பனையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தார். கறிக்கடை வீரணன் மூக்கைச் சிந்தினார், அவருக்குச் சளி. அப்புறம் கௌசிகா கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் பேச ஆரம்பித்தாள். நின்று, திரும்பப் பிடித்து, நின்று. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எச்.எம். கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அதைப் பார்க்கவில்லை.

"யாருட்டண்ணே பேசிக்கிட்டு இருக்கீக?" வாட்ச்மேன் கீழே நின்று கேட்டார்.

"யாரு பேசினா? போய்யா" என்றேன். இறங்கினபோது கால் மரத்துப்போயிருந்தது.

எதிர் டீக்கடையில் நின்றேன். மூவரும் வெளியே வந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பவில்லை. "அதே பிரிவுதானாம்டா. ஜெபராணி டீச்சர்தான் பத்தாவதுக்கும்" என்றாள். அழுதுவிட்டாள். நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். எச்.எம். முன்னால் என்ன பேசினீர்கள் என்று மச்சானைக் கேட்கலாம் என்று திரும்பினால், கௌசிகா என் முன்னால் வந்து நின்றாள். ஷெட்டில் அன்றைக்கு நின்ற மாதிரியே.

"மா... மாமா."

என்ன என்று கேட்கவில்லை. டீ வாயில் இருந்தது.

"நீ... நீங்க ஜ... ஜன்னலுக்கு வெ... வெளிய நின்னு, நா... நான் பேசுறப்பல்லாம், வா... வாய அசச்சீக. உ... உள்ள இருந்த எ... எல்லாரும் பாத்தாக. கு... குரங்கு மாதிரி இருந்துச்சு."

மச்சான் தரையைப் பார்த்தார். அக்கா, "ஏய், மாமாடி" என்றாள். பிள்ளை நிறுத்தவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"எ... எச்.எம். கேட்டாங்க. யா... யாரும்மா அது, ஒனக்கு வே... வேண்டியவரான்னு. தெ... தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைக்காரன் உட்பட எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் ஒரு வார்த்தை போடவில்லை. திட்டி முடித்துவிட்டு, என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு, "அ... அண்ணே, மா... மாமாவுக்கு வேற டீ" என்று கடைக்காரனிடம் அவளே சொன்னாள்.

என்னை வண்டி ஏற்றிவிட மச்சான் கூடவே நடந்து வந்தார். உள்ளே அந்தத் 'தெரியாது' என்ற சொல்லில் மட்டும் பிள்ளைக்குத் திக்கவே இல்லையாம், கல்லில் தட்டினமாதிரி டக்கென்று விழுந்ததாம். எச்.எம்.மே சிரித்துவிட்டாராம். இதைச் சொல்லி முடிக்க அவருக்கு டீக்கடையில் ஆரம்பித்து, கேட்டோரம் நின்ற என் வண்டியைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கும் தாண்டிப் போயிற்று. வண்டியைத் தாண்டிவிட்டோம் என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. கூடவே நடந்தேன்.